சம்பந்தி வீட்டுச் சோழக்காசு

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளும் பழசாகவும் அழுக்காகவும் இருந்தால்தான் மதிப்பு என்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அந்த வியாதி என்னை அண்டவில்லை. (அண்டியிருந்தால் ஒரு ராஜா பிழைத்திருப்பார்.)

ஒரத்தநாட்டுப் பக்கம் எனக்குச் சொந்தமாக அரிசி ஆலை. மூட்டை தூக்க வந்து முதலாளி ஆனவன் நான். பழுப்பாக வருவதைத் தீட்டி வெள்ளையாக அனுப்புவது தொழில். பழங்காசு சேர்ப்பது பொழுதுபோக்கு. நெல் கொண்டு வருகிறவர்கள் வயலில் கிடைத்ததையும் பரணில் கிடந்ததையும் காட்டுவார்கள். லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, "ம்... கம்பெனிக்காரன் காலத்துக் காசு" என்பேன். மறுத்துப் பேச ஆளில்லாததால் நிபுணர் ஆகிவிட்டேன்.

புகழ் திருவையாறு வரை பரவியதுதான் வினை. என் மகள் கயல்விழியை அங்கே ஒரு கணக்கு வாத்தியாரின் மகனுக்குப் பேசியிருந்தோம். இருவருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்குத் தேதி குறிப்பது மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் வாத்தியார் ஒரு சின்ன டப்பாவோடு ஆலைக்கு வந்தார். உள்ளே பஞ்சு மெத்தையில், பச்சைக் களிம்பு ஏறிய சோழர் காலத்துச் செப்புக்காசு.

"எங்கப்பா வாய்க்கால் வெட்டுறப்ப கிடைச்சதுங்க. ராஜா பக்கத்துல என்னமோ ஒரு அடையாளம் இருக்கு. வழக்கமா வர்ற காசுல அது இல்லை. என்னன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"வச்சிட்டுப் போங்க சம்பந்தி. தேதி குறிக்க வர்றப்ப பதிலோட வர்றேன்."

பார்த்தேன். அடையாளம் சங்கு மாதிரியும் இருந்தது, சுண்டைக்காய் மாதிரியும் இருந்தது. களிம்பு போனால் தெரிந்துவிடும் என்றது என் ஆராய்ச்சி மூளை. ஊறவைத்த புளியையும் ஆலையில் மலையாகக் கிடக்கும் உமிச்சாம்பலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்ச்சுக் குடுங்கன்னா இடுப்பு வலிம்பீங்க. இப்ப எங்க போச்சு அந்த வலி?"

"இது விஞ்ஞானம். உனக்குப் புரியாது."

சங்கு தெரிகிற மாதிரி இருந்தது. இன்னும் தெளிவாகட்டும் என்று தேய்த்தேன். சங்கு போய்விட்டது. பளபளப்பாவது வந்ததே என்று மறுபக்கத்தையும் தேய்த்தேன். (எந்த வேலையையும் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.)

திருவையாற்றில் வெற்றிலைத் தட்டின் நடுவில் காசை வைத்து நீட்டினேன். தங்கம் தோற்றுவிடும். வாத்தியார் எடுத்தார், திருப்பினார், ஜன்னலோரம் கொண்டுபோனார்.

"இதுல ராஜா எங்கங்க?"

"அழுக்கெல்லாம் போயிடுச்சு பாருங்க."

"போயிடுச்சு. ராஜாவையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு." குரல் உயரவேயில்லை. "காசு சேக்குறவங்க அந்தக் களிம்பைத் தொடவே மாட்டாங்க. இனி இதைப் பழைய செம்பு வாங்குறவன்தான் எடுப்பான்."

விரித்திருந்த பஞ்சாங்கத்தை மெதுவாக மூடினார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. ஊர்ப் பஞ்சாயத்தையே பேசிச் சமாளித்த நான், தட்டில் வெற்றிலையை அடுக்க ஆரம்பித்தேன். மகளிடம் என்ன சொல்வது? 'உன் கல்யாணத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்' என்றா?

அப்போது வாத்தியாரின் மனைவி காபியோடு வந்து காசை எட்டிப் பார்த்தார்.

"இந்தச் சனியனுக்காக அலமாரி ஒண்ணையே பூட்டி வச்சிருந்தாரு. நான் கொடியில புடவை போட்டுக்கிட்டு திரிஞ்சேன். உங்களுக்குப் புண்ணியமா போகும்ண்ணே." கணவர் பக்கம் திரும்பினார். "பஞ்சாங்கத்தைத் தொறங்க. பொண்ணு என்ன பண்ணுச்சு பாவம்?"

பஞ்சாங்கம் திறந்தது. கல்யாணத்தை நான் எப்படி ஜாம்ஜாமென்று நடத்தினேன் என்பதை அடக்கம் கருதிச் சொல்லவில்லை.

பிறகு பேரன் பிறந்தான். பெண்களெல்லாம் கூடிக் குழந்தையைக் குளிப்பாட்டத் தயாரானபோது, ஆசையாக நானும் கையை நீட்டினேன். வாத்தியார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கொஞ்சக் குடுங்க, வேணாங்கல. குளிப்பாட்ட மட்டும் அவர்கிட்டக் குடுத்துடாதீங்க. புள்ளைக்கு மூக்கும் முழியும் இருக்கணும்ல."

இன்றைக்கும் பேரனுக்கு எண்ணெய் தேய்க்கிற நாளில், நான் கட்டிய வீட்டில், நான் போட்ட குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்துவிடும்.