பாதுகாக்கச் சொன்ன பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. முழங்கால் நீங்கலாக இங்கே உங்கள் அத்தையும் நானும் நலம். அங்கே நீங்களும் மகளும் நலம் என்று போனில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். கண்ணால் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

போன தடவை வந்தபோது நீங்கள் கூடத்தில் வைத்துக் கொடுத்த ரிசீவர் பாட்டுப்பெட்டி சூடாகிச் சூடாகி அணைந்துபோகிறது. போனில் சொன்னதற்கு, "என்ன நடந்துச்சுன்னு விவரமா எழுதி அனுப்புங்க மாமா, இங்கேருந்தே சொல்றேன்" என்றீர்கள். ஆகவே ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் ஒழுங்காகத்தான் பாடியது. உங்கள் அத்தை, இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று உங்கள் கல்யாண ஆல்பத்தை அதன் தலையில் வைத்து, தினமும் துடைத்து வந்தாள். ஒரு மத்தியானம் பாட்டு பாதியில் நின்று, முகப்பில் 'புரொடெக்ட்' என்று எழுத்து மினுக்கியது. நான் முப்பத்தொரு வருடம் கிடங்குக் காப்பாளராக இருந்தவன். பெட்டியில் குடைப்படம் இருந்தால் நனையாமல் வைப்பேன், கண்ணாடிக் குவளைப் படம் இருந்தால் அலுங்காமல் வைப்பேன், ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. இது எழுத்திலேயே பாதுகாக்கச் சொல்லும்போது சும்மா இருக்க முடியுமா? கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி, உள்ளே பஞ்சு வைத்து ஓர் உறை தைத்து வாங்கி, ஆல்பத்தோடு சேர்த்துப் போட்டேன். மறுநாள் அரைமணியில் அதே எழுத்து. உறை போதவில்லை போலிருக்கிறது என்று உறையோடு கண்ணாடி அலமாரிக்குள் வைத்துச் சாத்தினேன். கால்மணி. பூட்டினேன். பத்தே நிமிஷம். பாதுகாப்பு கூடக்கூட அதற்குப் பயமும் கூடுகிறதோ என்னவோ.

கடைசியில் உறையைக் கழற்றி, மடியில் வைத்து ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வெறும் மேஜையில் வைத்து காலையிலிருந்து சாயங்காலம் வரை அலறவிட்டார். ஒரு தடவைகூட அணையாமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பெட்டியில் கோளாறே இல்லை, வீட்டில்தான் ஏதோ என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஆல்பம் வைத்து, உறை போட்டு, பூட்டிவிட்டுப் பாடவிட்டேன். பத்து நிமிஷம். இப்போது மேஜை விசிறியை அலமாரிக் கண்ணாடிக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு நான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் அத்தை எதற்கும் அசராமல், "மாப்பிள்ளை ஒருதரம் வந்து பாத்தா சரியாயிடும்" என்கிறாள். எட்டு நாளாக இதே பல்லவி.

எனக்குச் சலித்துவிட்டது. பாட்டு இல்லாமல்கூட இருந்துவிடலாம். ஆனால் அது நின்றதும் சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்கிறது, நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

மகளுக்கு எங்கள் ஆசி. இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் கடைக்காரர் போன் செய்து, வீட்டில் எப்படி வைத்திருக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். உறையில் பஞ்சு உண்டா என்று மறுபடி கேட்டார். பிறகு, "அது உங்களைப் பாதுகாக்கச் சொல்லல சார். சூடு தாங்காம தன்னைத்தானே காப்பாத்திக்குது. மூச்சு விட விடுங்க" என்றார். எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். மூன்று மணிநேரம் குறையில்லாமல் பாடியது. ஆகவே நீங்கள் அலைய வேண்டாம் என்று வேறு தாளில் எழுத ஆரம்பித்தேன். உங்கள் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். பெட்டியை அலமாரிக்குள் வைத்து, மேலே ஆல்பத்தை வைத்து, உறையைப் போட்டு, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்ப எழுதுங்க, இன்னும் சரியாகலன்னு" என்றாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. முகப்பில் அதே எழுத்து வந்துவிட்டது. நான் கிடங்கில்கூடப் பொய்க்கணக்கு எழுதியதில்லை, அதனால் உள்ளதை எழுதிவிட்டேன். அவளுக்குத் தெரியாது. நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். வந்து உறையைக் கழற்றிவிட்டு, பெரிய கோளாறு, மாதம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.