ஹால் தொகுதி இடைத்தேர்தல்

உலகின் மிகப் பெரிய ஜனநாயகம் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் இந்தியா என்று எழுதி மார்க் வாங்கிவிடலாம். மிகச் சிறந்த ஜனநாயகம் எது என்று கேட்டால், பெங்களூர் ஜீவனஹள்ளியில், ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே முதல் மாடியில், என் அக்கா புருஷன் அசோகன் நடத்திவருவதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன், ஐந்து பேருக்கு ஒரு பாத்ரூம். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பெரிய ஜனநாயகத்தை வேறு யாரும் அடைத்துவைத்ததில்லை.

மாமா ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் சூப்பர்வைசர். பதினோரு வருஷம் கேன்டீன் கமிட்டிச் செயலாளராக இருந்தவர். சாம்பாரில் உப்பு கூடினால்கூடத் தீர்மானம் போட்டுத்தான் ஒப்புக்கொள்வார். அந்தப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டில் 'குடும்பப் பேரவை'யைக் கூட்டுகிறார். தலைவர் அவர். உறுப்பினர்கள் என் அக்கா பாஞ்சாலி, காலேஜ் படிக்கும் மகள் வீணா, பதினாறு வயது மகன் நரேஷ். கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர் நான், ரவி. ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து, ரூம் பார்க்கும்வரை ஒரு மாதம் தங்கலாம் என்று ஆம்பூரிலிருந்து வந்தவன். வந்து ஆறு வருஷம் ஆகிறது. பேரவையின் தீர்மானங்கள் எல்லாம் இதுவரை ஏகமனதாகவே நிறைவேறியிருக்கின்றன. மாமா பேசி முடிக்கும்போது விழித்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் அதில் சிக்கல் எதுவும் எழுந்ததில்லை.

நாட்டு நடப்பில் மாமாவுக்கு இருக்கும் அக்கறை டெல்லியில் இருப்பவர்களுக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம். தினமும் மாலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை டி.வி.யில் 'விவாதம்' பார்ப்பார். திரையில் எட்டுக் கட்டங்களில் எட்டுப் பேர் கத்துவார்கள். மாமா ஒன்பதாவது ஆளாக ஹாலில் நின்றுகொண்டு பதில் சொல்லுவார். ஒருநாள் பேச்சுரிமை பற்றி விவாதம் நடந்தது. நடுவில் வீணா, "அப்பா, காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டாள். அன்று அவர் கோபப்பட்டது போல நான் பார்த்ததே இல்லை.

இப்படிப்பட்ட பொற்கால ஆட்சியில்தான் அக்டோபர் தொடக்கத்தில் நாகேஷ் அண்ணன் படியேறி வந்தார். நீலசந்திராவில் ஆட்டோ ஓட்டுகிறார். சாயங்காலமானால் ஆர்கெஸ்ட்ரா நடத்துவார். அக்கா கல்யாணத்துக்கு முன்பு அவருடைய குழுவில்தான் பாடிக்கொண்டிருந்தாள். மேடையேறினால் விசில் பறக்குமாம். கல்யாணத்துக்குப் பிறகு பாடவில்லை. யாரும் தடை போட்டதாக நினைத்துவிடக் கூடாது. மாமா பரந்த மனசுக்காரர். "பாடேன், யாரு வேணான்னது?" என்று இருபத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எப்போது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

"தங்கச்சி, நவம்பர் ஒண்ணு கர்நாடகா ராஜ்யோத்சவா விழா. நம்ம ஏரியா ஸ்டேஜ்," என்றார் நாகேஷ் அண்ணன். "பாடுற பொண்ணு துபாய்க்குப் போயிடுச்சு. பேஜாரா இருக்குது. ரெண்டு கன்னடா, ஒரு தமிழ், ஒரு ஹிந்தி. நாலே பாட்டு. நீ வந்து நின்னா போதும்."

அக்கா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள். பிறகுதான் பிரச்சினை வந்தது. காலையில் சமையல், சாயங்காலம் ஆறு மணிவரை கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல், எட்டுக்கு மேல் மறுபடி சமையல். பாடிப் பழக அவளுக்கு மிஞ்சுவது ஏழிலிருந்து எட்டு. அந்த ஒரு மணி நேரம் டி.வி.யை அணைத்து ஹாலைத் தனக்குத் தர வேண்டும், ஒரு மாதத்துக்கு மட்டும், என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பேரவையில் கேட்டாள்.

மாமா கண்ணை மூடி யோசித்தார்.

"இது சின்ன விஷயம் இல்ல பாஞ்சாலி. நானே ஒரு முடிவு சொன்னா நாளைக்கு சர்வாதிகாரின்னு பேர் வந்துடும். எலெக்‌ஷன் வெச்சிடலாம். ஹாலுக்கு இடைத்தேர்தல். டி.வி.யா, பாட்டா, மக்களே சொல்லட்டும்."

"யார் மாமா தேர்தல் கமிஷனர்?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"நீங்கதானே வேட்பாளர்?"

"அதுக்காக நம்பிக்கை இல்லாத ஆளையா போட முடியும்?"

இந்தத் தர்க்கத்தைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

முதலில் சின்னம் ஒதுக்கினார். தமக்கு ரிமோட். அக்கா மைக் கேட்டாள். "அது மேடைக்காரங்க சின்னம். உனக்கு மக்களுக்கு நல்லா அறிமுகமான சின்னமா தர்றேன்" என்று கரண்டியைக் கொடுத்தார். பிறகு வாக்காளர் பட்டியல். நரேஷுக்குப் பதினெட்டு ஆகாததால் அவனுக்கு ஓட்டு இல்லை. மீதி நான்கு பேர். அன்று மாலையே மாமா ரகசியமாகக் கருத்துக் கணிப்பு நடத்தினார். வீணாவும் நானும் அக்கா பக்கம். மூன்றுக்கு ஒன்று. மாமாவுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா நேரத்தில் அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. நாடு இளைஞர்கள் கையில் இருப்பதால் வாக்களிக்கும் வயது பதினாறாகக் குறைக்கப்படுகிறது. இளைய தலைமுறைக்கு இவ்வளவு பெரிய கௌரவத்தை யாரும் செய்ததில்லை. நரேஷ் கண் கலங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்க விடுவீங்களா?" என்று மட்டும் கேட்டான். விடுவதாக உறுதியளிக்கப்பட்டது. மூன்றுக்கு இரண்டு.

புதன்கிழமை தொகுதி மறுசீரமைப்பு. பெரும்பான்மை நேரம் கிச்சனில் இருப்பவர்களுக்கு ஹாலில் ஓட்டு இருக்க முடியாது, அவர்கள் கிச்சன் தொகுதியைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு வரைவை வாசித்தார். வீணா தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "அப்போ கிச்சன் தொகுதியிலேருந்து ஹாலுக்கு இட்லி வராதுப்பா" என்றாள். மாமா பெருந்தன்மையோடு வரைவைத் திரும்பப் பெற்றார். மக்கள் குரலுக்குச் செவி சாய்ப்பதில் அவருக்கு நிகர் அவர்தான்.

இனி ஒரே வழிதான் பாக்கி. இந்திய அரசியலுக்குப் பெங்களூர் கொடுத்த கொடை என்ன என்று யாராவது கேட்டால், சாஃப்ட்வேர் என்று சொல்லாதீர்கள். ரிசார்ட். யாருடைய ஆதரவு எந்தப் பக்கம் சாயும் என்று சந்தேகம் வருகிறதோ அவர்களை ஏற்றிக்கொண்டுபோய், நீச்சல் குளம் காட்டி, மூன்று வேளையும் பஃபே போட்டு, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஓட்டெடுப்பு நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் கலை வேறு எந்த ஊரிலாவது இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறதா?

நந்தி மலை போகும் வழியில் அப்படி ஓர் இடம். கேன்டீனுக்குக் கோழி போடுகிறவரின் மைத்துனர் நடத்துவது. சனிக்கிழமை காலை மாமா, வீணா, நரேஷ், நான் நாலு பேரும் வேனில் ஏறினோம். அக்காவுக்குச் சனிக்கிழமை கார்மென்ட்ஸில் வேலை உண்டு. "போய் நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி, வழிக்குப் புளியோதரையும் கட்டிக் கொடுத்தாள். எதிர்க்கட்சி இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்ததாக வரலாற்றில் இல்லை.

இறங்கியதும் மாமா ஒரு துணிப்பையை நீட்டினார். "போனெல்லாம் இதுல போடுங்க. குதிரை பேரம் நடக்குற நேரம். யாரு எப்படிப் பேசி மனசைக் கலைப்பாங்கன்னு சொல்ல முடியாது."

"அம்மாவாப்பா குதிரை பேரம் பேசப்போறாங்க?" என்றாள் வீணா.

"நான் யார் பேரையும் சொல்லலை."

பேச்சுவார்த்தைகள் நீச்சல் குளத்தோரம் தனித்தனியாக நடந்தன. வீணாவுக்கு, காலேஜ் தோழிகளோடு கோகர்ணா போக அனுமதி. இரண்டு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதது. எனக்கு, காலையில் பாத்ரூமில் முதல் டர்ன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஐந்தே முக்காலுக்கு ஆபீஸ் கேப் பிடிக்காதவர்கள். ஆறு வருஷமாக நான் இரண்டாவது ஆளாகக் குளித்து, தலை துவட்டாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன். பதவி ஆசை எதுவும் எனக்கு இல்லை. முழுக்க முழுக்கத் தொகுதி வளர்ச்சியை மனதில் வைத்துத்தான் என் ஆதரவை மாற்றிக்கொண்டேன்.

மதியம் பஃபேயில் மூன்றாவது முறை பிரியாணி போட்டுக்கொண்டு வந்த வீணா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா பாவம் இல்ல மாமா?"

"பாவம்தான். நீ கோகர்ணா போகலையா?"

"போறேன்."

"அப்போ சாப்பிடு."

அன்று சாயங்காலம் மாமா குளக்கரையில் வைத்திருந்த பையின் திறந்த வாய்க்குள் என் போன் மினுங்கியது. 'அக்கா' என்று காட்டியது. நின்றது. மறுபடி மினுங்கியது. மூன்று முறை. மாமா குளத்தில் இருந்தார். கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம். நான் தந்தூரி வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்துபோனேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு. குக்கர்தான் ஓட்டுப்பெட்டி. மூடி போட்டு, விசிலைக் கழற்றிய ஓட்டை வழியாகச் சீட்டைச் சுருட்டிப் போட வேண்டும். அக்கா கடைசியாக வந்தாள். வீட்டில் இருக்கும் புடவையில் இல்லை, வெளியே போகிற புடவையில். சீட்டைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றாள். மாமா மூடியைத் திறந்து எண்ணினார்.

"ரிமோட். ரிமோட். ரிமோட். ரிமோட்."

நாலு. எதிர்பார்த்ததுதான். வீணா கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா ஐந்தாவதைப் பிரித்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் ரிமோட்!" சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "ரவி, எழுதுடா! எதிர்க்கட்சியே நமக்கு ஓட்டுப் போட்டிருக்குது! அஞ்சுக்கு அஞ்சு!" பிறகு கமிஷனர் புத்தி லேசாகத் தலைகாட்டியது. "இன்னா பாஞ்சாலி, சின்னம் மாத்திக் கீத்தி போட்டுட்டியா?"

"இல்லீங்க. தெரிஞ்சுதான் போட்டேன்."

"ஏன்?"

"நேத்து வேலை முடிஞ்சு வந்து டி.வி.யை நானே போட்டேன். நீங்க வெக்கிற சவுண்டுலயே. அது பக்கத்துல உக்காந்துதான் பாடிப் பாத்தேன். நாலு பாட்டும் நல்லாவே வந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, இத்தினி வருசமா இடைஞ்சல் டி.வி. இல்லேன்னு."

"பின்ன இன்னா?"

அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். கீழே ஆட்டோ ஹார்ன் அடித்தது.

"நாகேஷ் அண்ணன் வந்துட்டாரு. இனிமே தினமும் அவங்க வீட்டுலதான் ப்ராக்டிஸ். அண்ணியும் இருக்காங்க. திரும்ப ஒம்பது ஆயிடும்."

"சாப்பாடு?" என்றோம் நான்கு பேரும் ஒரே நேரத்தில். பேரவையின் வரலாற்றில் நிஜமாகவே ஏகமனதாக எழுந்த முதல் குரல் அதுதான்.

"ஜெயிச்சவங்கதானே ஆட்சி நடத்தணும். அரிசி கீழ் ஷெல்ஃப்ல இருக்குது."

அவள் இறங்கினாள். என்னால் உட்கார முடியவில்லை. பின்னாலேயே இறங்கிப் போனேன். ரொட்டிக் கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து மூணு தடவை கூப்ட்டேன்டா. அந்தக் கன்னடப் பாட்டு இருக்குல்ல, மேல போற இடம், இருபது வருசம் கழிச்சு சரியா புடிச்சுட்டேன். யாருக்காவது பாடிக் காட்டணும்போல இருந்துச்சு. உன்னத்தான் கூப்ட்டேன்."

"போன் மாமாகிட்ட இருந்துச்சுக்கா."

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி வுடு. உனக்கு இன்னா குடுத்தாரு?"

"காலையில... பாத்ரூம் முதல் டர்ன்."

நான் எதிர்பார்த்தது போல அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"அது யாரு டர்ன்டா? நாலரைக்கு எழுந்து முதல்ல போறவ நான். என்னுதை எடுத்து உனக்குக் குடுத்திருக்காரு. என்கிட்டயே கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

ஆட்டோ கிளம்பிவிட்டது. மேலே போனபோது மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அரிசி ஒரு ஆழாக்குக்குத் தண்ணீர் எத்தனை என்று நரேஷைக் கேட்டுக்கொண்டிருந்தார். குறிப்பேட்டை எடுத்துச் செயலாளர் என்ற முறையில் நான் எழுத வேண்டியதை எழுதினேன். ஹால் தொகுதி இடைத்தேர்தல் அமைதியாகவும் நேர்மையாகவும் நடந்து முடிந்தது. வாக்காளர் எவருக்கும் எவரும் தம் சொந்தப் பொருள் எதையும் லஞ்சமாகக் கொடுக்கவில்லை.