அம்மன் காலடியில் ஆறு வருடக் கடிதங்கள்

மரண உதவிச் சங்கத்தின் நிரந்தரத் தலைவரும் கினிகத்தேனைக் கடைவீதியின் பெரிய மனிதருமான பொன்னையா மச்சான் அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்களும் என் யோகேஸ்வரி அக்காவும் இந்த மழைக்குச் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

ஆறு வருடத்துக்கு முன் பொதுக்கூட்டத்தில், கணக்கு வாத்தியாரான என்னை உட்காரவைத்துவிட்டுத் தரணிதரனைச் செயலாளராக்கினீர்கள். அவனிடம் சொந்த மைக் செட் இருந்தது என்பதே காரணம். மரண அறிவித்தலை அவன் நன்றாகத்தான் சொல்கிறான், மறுக்கவில்லை. ஆனால் வருடாவருடம் வரி விவரத்திரட்டு அனுப்ப மைக் தேவையில்லை. நம் சங்கம் கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லைதான். அந்த ஒன்றுமில்லை என்பதையும் எழுதித்தானே கொடுக்க வேண்டும்? இவனோ அரசாங்கக் கடிதம் வந்ததும், தோட்டத்து வழக்கப்படி, பிரிக்காமலே மாரியம்மன் காலடியில் கொண்டுபோய் வைத்தான். அடுத்தது வந்தது, அதையும் வைத்தான். பூசாரி மூக்கன் தாள் நல்ல கனமாக இருக்கிறதே என்று கிழித்து, விபூதி மடித்து லயம் லயமாக, வீடு தவறாமல் கொடுத்துவிட்டார்.

இந்த மாதக் கடைசிக்குள் ஆறு வருட விவரத்திரட்டும் போய்ச் சேராவிட்டால் சங்கத்தின் வங்கிக் கணக்கை முடக்குவார்கள், அடுத்த சாவுக்குப் பெட்டி வாங்க வழியில்லை என்று வங்கியில் சொன்ன பிறகுதான் இவனுக்கு உறைத்தது. மைக்கை எடுத்துக்கொண்டு பொட்டலத் தாள்களைத் திருப்பிக் கேட்டுப் புறப்பட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் லயமே வெளியே வந்து, "யாரு போயிட்டாங்க?" என்று அழத் தயாரானது. கடைசி வீட்டு அம்மாக்கண்ணு மட்டும் அசையவில்லை.

"தாளத் தரமாட்டேன். இதத் தலகாணிக்கு அடியில வச்சுத்தான் எம்மக சோதன பாஸ் பண்ணுச்சு."

"அதுல சங்கத்து வரி நம்பர் இருக்குக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். நம்பர மட்டும் எழுதிக்கிட்டுப் போ."

கடைசியில் கிழிசல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். "சார், நீங்க சும்மாதான இருக்கீங்க, ஒட்டி எழுதிக் குடுக்கச் சொல்லித் தலைவர் சொன்னாங்க."

சும்மா. மச்சான், ஒரு வெற்றிலைத் தட்டு வைத்துக் கேட்க உங்களுக்குக் கை வரவில்லை. என் மகள் தனுஷிகாவின் சடங்குக்கு நீங்கள் இரவல் தந்த கூடாரம், சரியாக ஆரத்தித் தட்டின் மேல் ஒழுகியதையும் நான் மறக்கவில்லை. ஆகவே இந்த வேலையை நான் தொடப்போவதில்லை. சங்கத்திலிருந்தும் விலகுகிறேன். நான் செத்தால் உங்கள் கூடாரம் வேண்டாம். நனைவதென்றால் நேரே மழையிலேயே நனைந்துகொள்கிறேன்.

உங்கள் வியாபாரம் செழிக்கட்டும். அக்காவின் முழங்கால் வலி தீரட்டும்.

பி.கு: ஆறு வருடத்தையும் எழுதி, தரணிதரனிடம் கையெழுத்து வாங்கி, வியாழக்கிழமை நுவரெலியா வரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அக்கா வெற்றிலைத் தட்டோடு வந்து கேட்டார். சங்க முத்திரையையும் உங்கள் மேசை லாச்சியிலிருந்து அவர்தான் எடுத்து வந்தார். வாங்கிக்கொண்ட அதிகாரி அம்மா, அந்த நோனாவின் மேசையெல்லாம் ஒட்டிய தாள்களிலிருந்து உதிர்ந்த விபூதி. அவர் கோபிக்கவில்லை, கொஞ்சம் நெற்றியில் இட்டுக்கொண்டு சீல் குத்தினார். கூடாரத்தைத் தைத்து வையுங்கள், விலகுவதைப் பிறகு பார்ப்போம். இதில் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. போட்டால், அடுத்த வருடமும் செய்யச் சம்மதித்தார் என்று கோப்பில் வைத்துவிடுவீர்கள். மொட்டையாகவே தபாலில் போடுகிறேன். யார் எழுதியது என்று அக்காவைக் கேட்காதீர்கள்.