பாய்லர்காரர் வீட்டு உப்பு பிஸ்கட்

“பாய்லரையே கட்டி மேய்க்கிற மனுசன்தான் கஸ்தூரிம்மா. ஆனா வூட்டு அடுப்பப் பத்தவைக்கச் சொன்னா கையி நடுங்கும். பாவம்.”

வேலியோரம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தபோது இது என் காதில் விழுந்தது. சொன்னவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலர்விழி அக்கா. கேட்டுக்கொண்டிருந்தவர் என் அம்மா. என் காதில் விழுந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் கேட்டதை வெளியே சொல்கிற ரகம் இல்லை. விழக்கூடாத இன்னொரு காதிலும் அது விழுந்துவிட்டது.

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் தூங்குகிற வீட்டைப் பார்த்தாலே தெரியும். பகலில் ஜன்னல் சாத்தியிருக்கும். உள்பக்கம் கனமான போர்வை தொங்கும். அந்த வீட்டைத் தாண்டும்வரை கீரைக்காரம்மாகூடக் கூவ மாட்டார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு என்னவோ அக்கா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அதை ஒட்டிய கட்டிலில் அக்காவின் கணவர் அருண்ராஜ் அண்ணன் படுத்திருந்தார். அக்கா “பாவம்” என்று முடித்த இடத்தில் அவருடைய குறட்டையும் முடிந்தது. இத்தனை கவனமான அக்கா இப்படி அசட்டையாக இருந்துவிட்டாரே என்று எனக்குத்தான் பதறியது.

அண்ணன் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். தெருவில் யாராவது ஸ்கூட்டரைக் கிளப்பினால் புகையின் நிறத்தைப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் தம் வீட்டுச் சமையலறைக்குள் போய் நான் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வாசற்படியில் நின்றுகொண்டு ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டுவார்.

அக்கா அப்போது முழுகாமல் இருந்தார். அடுப்புப் பக்கம் போனாலே குமட்டல். எங்கள் வீட்டில் தாளித்தால் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார். ஆனாலும் அவர் நாக்கு ஒன்றை மட்டும் விடாமல் கேட்டது. பிஸ்கட். முதலில் உப்புக் கரிக்க வேண்டும், கரைந்த பிறகு இனிக்க வேண்டும். அண்ணன் வடலூர் வரை போய்க் கடைகடையாக வாங்கி வந்தார். எல்லாவற்றிலும் டால்டா வாடை அடிக்கிறது என்று அக்கா ஒதுக்கிவைத்தார். ஒதுக்கியதையெல்லாம் தின்று தீர்த்தது நான்.

கடைசியில் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். அக்காவைக் கம்மாபுரத்துக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பிரசவம் முடிந்து திரும்பினால் போதும். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாமியாரை வரச் சொல்லியும் விட்டார்.

அக்காவால் அப்படிப் போக முடியாது. சாயங்காலமானால் அவர் வீட்டு வராந்தா நிறையப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். கணக்கென்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைகள்தான் அவரிடம் வந்து சேரும். நானும் டிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருந்ததால், ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக் கொடுப்பேன். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பேரை நடுவழியில் விட்டுவிட்டுப் போவதா என்று அக்கா என் எதிரிலேயே அண்ணனிடம் கேட்டார்.

“நீ பட்டினி கெடந்துகினு கிளாஸ் எடுப்பியா? நானு பக்கத்து வூட்டுச் சோத்தையே தின்னுகினு கெடக்கிறதா?” என்றார் அண்ணன்.

அக்கா “சரிங்க” என்று சொல்லிவிட்டு, பரண்மேல் இருந்த பையை இறக்கித் துடைத்து வைத்தார். அக்கா தோற்று நான் பார்த்ததேயில்லை.

அதற்கு மறுநாள்தான் அந்தப் “பாவம்”.

மதியம் அண்ணன் தூக்கம் கலைந்த சிவந்த கண்களோடு வேலிக்கு வந்தார். பிஸ்கட் செய்ய என்னென்ன வேண்டும் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா நிதானமாகச் சொன்னார். மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை, உப்பு, ஒரு சிட்டிகை ஓமம். ஓவன் இல்லாவிட்டால் பரவாயில்லை. குக்கருக்குள் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைக்கலாம். மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் மட்டும் கழற்றிவிட வேண்டும்.

அண்ணனின் முகம் மாறியது.

“வெயிட்டுங்கிறது அதோட சேஃப்டி வால்வுங்க. அத எடுத்துட்டு அடுப்புல ஏத்தறதா? எங்க பிளாண்ட்ல சொன்னா மெமோ குடுத்துருவாங்க.”

பிஸ்கட் உலர வேண்டும், ஆவி வெளியே போக வேண்டும் என்று அம்மா எவ்வளவோ விளக்கினார். ஆவியைப் பற்றித் தமக்கே பாடமா என்பதுபோல் அண்ணன் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் தட்டு வெள்ளை வெளேரென்று, தொட்டால் அமுங்கும் பதத்தில் வந்தது. கேஸ்கட் உருகிய வாடை தெருமுனை வரை போனது. அக்கா ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“நல்லா வெந்திருக்குங்க. சட்னி அரைக்கச் சொல்லட்டா?”

அடுத்த முறை கேஸ்கட்டைக் கழற்றினார். வெயிட்டைக் கழற்ற மனசு வரவில்லை. அதற்கும் அடுத்த முறை இரண்டையும் கழற்றினார். ஆனால் தலையில் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். அவர் எட்டிப் பார்க்கத் துணிந்தபோது தட்டில் இருந்தது பிஸ்கட் இல்லை. ஒன்றை நொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரியைவிட இது நல்ல சரக்கு என்று அவரே ஒப்புக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை, உப்பு மட்டும் சரியாக விழுந்திருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அண்ணன் மறுபடியும் வெண்ணெய் வாங்க ஓடினார்.

இதற்குள் அண்ணனுக்கு மதியம் கிளம்புகிற செகண்ட் ஷிஃப்ட் வந்துவிட்டது. ஒருநாள் தட்டு உள்ளே இருக்கும்போதே அவர் கிளம்ப வேண்டிய நேரமாயிற்று. கேள்வித்தாள் வாங்கப் போன என்னைக் கூப்பிட்டு அடுப்பின் முன்னால் நிறுத்தினார். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் பொறுப்பு ஒப்படைப்பதுபோல, தீ எவ்வளவு, மணல் எப்போது ஏற்றியது, எந்தப் பக்கம் சூடு அதிகம் என்று வரிசையாகச் சொன்னார். சந்தேகம் இருக்கிறதா என்றார். நான் இல்லையென்று தலையாட்டினேன். ஹெல்மெட்டை என்னிடம் கொடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, மாட்டிக்கொண்டு போனார்.

தட்டை இறக்கி ஆறவைத்து, சாயங்காலம் வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் தேற்றத்தில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சாக்பீஸைக் கீழே வைத்தார். ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பிள்ளைகள் நோட்டைவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“உப்பு முன்னாடி வருது,” என்றார். அது கரைந்ததும், “ம்,” என்றார்.

அண்ணன் பிளாண்ட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

“கலரு?”

“பழுப்புங்கண்ணா.”

“ஓரத்துல?”

“கொஞ்சம் கூடுதலா.”

மறுமுனையில் எந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி, “சாப்ட்டாளா?” என்றார். தட்டு காலி என்றேன். அவர் போனை வைக்க மறந்துவிட்டார், நான்தான் வைத்தேன்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பிஸ்கட்டிலிருந்து ரசத்துக்கும், ரசத்திலிருந்து சோற்றுக்கும் போனார். குமட்டல் வராமலிருக்கத் தாளிப்பதையே நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக் குழம்புக் கிண்ணம் போன கையோடு திரும்பி வந்தது. உள்ளே பிஸ்கட் இருந்தது.

அந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் அம்மா கலியம்மாள் பஸ் பிடித்து வந்து இறங்கினார். நான் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முழங்கை வரை மாவோடு வாசலுக்கு வந்தார்.

“மாப்ள, வெயிலுக்கு முந்திக் கெளம்பிடலாங்களா?”

“எங்க அத்த கெளம்பறது? தட்டு உள்ள இருக்குது.”

“நீங்கதான கூட்டிகினு போவச் சொன்னீங்க.”

“அது அப்ப சொன்னது. அங்க இவ நாக்குக்கு யாரு செஞ்சிகினு இருப்பீங்க? பொட்டிக்கடையில வாங்கித் தருவீங்க, இவ வாந்தி எடுப்பா. புள்ளைங்க பரிச்ச முடியட்டும். பொறவு பாக்கலாம்.”

கலியம்மாள் மகளைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தபடி, “அவரு சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்,” என்றார். அத்தனை அடக்கமாக அக்கா பேசி நான் கேட்டதில்லை. கலியம்மாள் மத்தியானம்வரை இருந்து, மருமகன் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு டப்பா பிஸ்கட்டோடு பஸ் ஏறினார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும், வாசலில் இருந்த பையை உள்ளே வைக்கச் சொன்னார் அக்கா. புடவையும் துணிமணியும் அடைத்த பை கனக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். பை பஞ்சாக எழும்பி என் முகத்தில் இடித்தது. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு தலையணை மட்டும் இருந்தது.

நான் நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை மூடினேன். நான்தான் எதையும் வெளியே சொல்கிற ரகம் இல்லையே.

சமையலறையில் மாவு பிசைந்த தாம்பாளம், கருகிய தட்டுகள், வெண்ணெய்ப் பிசுக்கு ஏறிய குக்கர் எல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தன. வெற்றி பெற்ற அண்ணன் ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்துவிட்டார். குறட்டை தெருவுக்குக் கேட்டது.

அக்கா வெளியே வந்தார். ஜன்னலருகே நின்று இரண்டு கதவுகளையும் ஓசைப்படாமல் இழுத்துத் திறந்தார். கம்பிக்குள் கையை விட்டுப் போர்வையை ஓரமாக ஒதுக்கினார். பிறகு வேலியோரம் வந்து நின்று, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவைக் கூப்பிட்டார்.

“பிஸ்கட்டுல அவர அடிச்சிக்க ஆளு கெடையாது கஸ்தூரிம்மா. ஏனம் கழுவத்தான் வராது. பாவம்.”

குறட்டை நின்றது.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்துக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கருகிய தட்டை முன்னால் இழுத்து, தேங்காய் நாரால் சாம்பலைத் தொட்டார்.