சால்வை போட்ட ஆள் மண்ணில் விழலாமா

மனிதர்களில் மரியாதை செய்வோர் என்று ஓர் இனம் இருக்கிறது. எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், விளையாட்டுக் கழகங்களில்தான் அது செழித்து வளரும். யாராவது ஒரு வீரர் ஓய்வு பெறப்போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், இந்த இனத்தின் முகம் மலர்ந்துவிடும். பின்னே என்ன? ஆடிக்கொண்டிருக்கும் வீரர் சும்மா இருக்கிறாரா? போய்வர வேன் கேட்பார், முட்டிக்கு மருந்து கேட்பார், மைதானத்தில் கல் கிடக்கிறது என்பார். ஓய்வு பெறும் அன்றைக்குத்தான் எதுவும் கேட்காமல் கைகட்டி நிற்பார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் யாருக்குத்தான் மரியாதை செய்யத் தோன்றாது?

ஒரகடம் வட்டாரத் தொழிலாளர் கபடிக் கழகத்தின் செயலாளர் ராஜாமணி இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர். சேரப்பணஞ்சேரிக்காரர், கம்பெனிகளுக்கு வேன் விடுபவர், வெள்ளைச் சட்டையின் கஞ்சி கலையாமல் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்கக்கூடியவர். அவர் சால்வை போடுவதைப் பார்க்க வேண்டும். ஒரே உதறலில் மடிப்பைப் பிரிப்பார், எதிராளி குனிவதற்குள் தோளைச் சுற்றிவிடுவார், பிறகு இரண்டு முனையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோக்காரர் பக்கம் திரும்பிச் சிரிப்பார். படம் எடுத்து முடிக்கும்வரை அந்தப் பிடியிலிருந்து யாரும் தப்பியதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும் நேரத்தில் அவர் ரோட்டோரம் நின்று, வருகிற கார்களில் எது பிரமுகரின் கார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

2012இல் இருங்காட்டுக்கோட்டையில் கழகம் நடத்திய போட்டியின் இறுதி ஆட்டம். அன்றோடு ஆட்டத்தை நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார் அருள்பாண்டி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்பவர். எதிரணிக்குள் பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பாதவர் என்று ஒரு காலத்தில் பெயர். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. அவருடைய மனைவி இசக்கிசெல்வியை அந்த வருடம்தான் வாடகை வீடு பிடித்து ஊரிலிருந்து கூட்டிவந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து லீவில் வரும் கணவரின் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறாரே தவிர, அது எதனால் வீங்குகிறது என்று இசக்கிசெல்வி கண்ணால் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு மிச்சமிருந்தது அந்த ஓர் ஆட்டம்தான்.

பாராட்டு விழாவை ஆட்டத்துக்கு முன்பே வைத்துவிட்டார் ராஜாமணி. சிறப்பு விருந்தினர் அப்பாவு, மனை போட்டு விற்பவர், அடுத்து ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டும். எந்த விழாவுக்கு அழைத்தாலும் அந்த விழாவுக்குத் தக்கபடி கலங்கக்கூடியவர் அவர். அருள்பாண்டிக்காகவும் கலங்கினார். "சென்று வா தம்பி, கபடி உன்னை மறக்காது" என்று மைக்கில் வழியனுப்பினார். ராஜாமணி சால்வை போட்டார். இறுக்கிப் பிடித்தார். படம் எடுத்தாயிற்று. அருள்பாண்டி மேடையிலிருந்து இறங்கி, மைதானத்தைப் பார்த்து நடந்தார்.

"இன்னா தம்பி, எங்க போற?" என்று ராஜாமணி பின்னாலேயே வந்தார்.

"ஆடத்தான் சார். விசில் ஊதப் போறாங்கல்லா."

"சால்வை போட்டாச்சுப்பா. சால்வை போட்ட ஆளு மண்ணுல விழலாமா? நாலு பேரு காலைப் புடிச்சு இழுப்பான். அது மரியாதையா கீதா?"

"காலைப் பிடிச்சு இழுத்தாத்தான சார் கபடி."

"அதெல்லாம் நேத்து வரைக்கும். இப்ப நீ முன்னாள் வீரரு. சீஃப் கெஸ்ட்டே வழியனுப்பி வெச்சுட்டாரு. நீ திரும்பி எறங்குனா அவரு மூஞ்ச எங்க வெச்சுக்குவாரு?"

"இந்த ஆட்டத்த ஆடிட்டு நிப்பாட்டுதேன்னுதான சார் சொன்னேன். வீட்டுல ஒருநாளும் பாத்ததில்ல. அதுக்குன்னே கூட்டிட்டு வந்திருக்கேன்."

"அவங்களுக்கு முன்வரிசைல சேர் போட்டுக்கீறேன். இன்னும் இன்னா வோணும்?"

ராஜாமணியிடம் கள்ளம் கிடையாது. மரியாதைக்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நடுவர் சுப்பிரமணியைக் கூப்பிட்டு, அருள்பாண்டியின் பெயரை அணியிலிருந்து எடுக்கச் சொன்னார். செயலாளர் சொன்னால் சொன்னதுதான் என்று சுப்பிரமணியும் எடுக்கக் கிளம்பினார்.

முன்வரிசையில் இருந்த இசக்கிசெல்வி கணவரிடம், "ஏங்க, எப்ப ஆடுவிய? சால்வை பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?" என்று கேட்டார். அருள்பாண்டி தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தார். அவமானமாக இருந்தது. இத்தனை பேர் சேர்ந்து மரியாதை செய்த ஒரு மாலையில் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கக் கூடாதுதான்.

"ஏற்புரை பாக்கி கீது. ரெண்டு வார்த்த பேசிட்டு உக்காரு" என்றார் ராஜாமணி.

அருள்பாண்டி மைக்கைப் பிடித்தார். "எனக்குப் பேச வராது. நம்ம செயலாளர் சார் இத்தனை வருசமா நமக்காக ரோட்டுலயே நின்னுட்டாரு. ஒரு ஆட்டம் உக்காந்து பாத்ததில்ல. அவருக்கும் வயசாகுது. இன்னையோட அவரும் ஓய்வு எடுத்துக்கிடணும்னு வீரர்கள் சார்புல இந்தச் சால்வைய..." என்று சொல்லிக்கொண்டே தன் தோளில் இருந்ததை உருவி, ராஜாமணியைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் நெஞ்சுக்கு நேராக இறுக்கிப் பிடித்தார். போட்டோக்காரர் பழக்கதோஷத்தில் படம் எடுத்தார். ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த பையன்கள் விசிலடித்தார்கள்.

காதுகுத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவு மைக்கைப் பார்த்ததும் திரும்பி வந்தார். "ராஜாமணி அண்ணன் ஓய்வு பெறுறது எனக்கே இப்பத்தான் தெரியுது" என்று ஆரம்பித்து, அண்ணனின் சேவையை நினைவுகூர்ந்து, கலங்கி, "சென்று வாருங்கள் அண்ணே" என்று வழியனுப்பிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

ராஜாமணி வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் சீஃப் கெஸ்ட் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வார்? ராஜாமணி வாயை மூடிக்கொண்டு கும்பிட்டார்.

அருள்பாண்டி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்துக்குள் இறங்கினார். தடுக்க வந்த ராஜாமணியைச் சுப்பிரமணி மெதுவாகத் தோளைத் தொட்டு, இசக்கிசெல்விக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நீங்க ஒக்காருங்க சார். சால்வை போட்டுக்கினு கோட்டுக்குள்ள வரலாமா?"

விசில் ஊதியது. அருள்பாண்டி முதல் ஆளாகப் பாடிப் போனார். ஒருவரைத் தொட்டார். திரும்புவதற்குள் ஐந்து பேர் மேலே விழுந்து, காலைப் பிடித்து, மண்ணில் இழுத்துப் போட்டு அமுக்கினார்கள். புழுதிக்குள்ளிருந்து எழுந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மேடையில் எடுத்த எந்தப் படத்திலும் பார்க்க முடியாது.

"ஓ, இப்படித்தான் வீங்குதாக்கும்" என்றார் இசக்கிசெல்வி. பிறகு பக்கத்தில் திரும்பி, "அண்ணாச்சி, எப்பமும் இம்புட்டு வேகமாவா ஆடுவாங்க?" என்று கேட்டார்.

ராஜாமணி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தெர்லம்மா. நானும் இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

இருக்கட்டும், உங்களிடம் வருகிறேன். போன மாதம் உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ, இனிமேல் நீங்கள் ஓய்வாக இருங்கள் என்று ஒருவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டீர்களே, அவர் அதைக் கேட்டாரா? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. அடுத்து அவர் ஏற்புரைக்கு எழுந்தால் மட்டும், கை எட்டாத தூரத்தில் போய் உட்காருங்கள்.