உச்சியில் ஒரு கல் சிங்கம்

"மலை உச்சியில கல் சிங்கம் இருக்குன்னு போட்டிருக்கே, நிஜமா இருக்கா?"

சுற்றுலாத் தகவல் மையத்தின் கவுண்டரில் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் கேட்டார். பக்கத்தில் அவர் மனைவி வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த உதவியாளருக்கு வியர்த்தது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றுகிற ஆசாமி அவர். அந்த மலையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் கையேட்டை மட்டும் தலைகீழாக ஒப்பிப்பார். வருகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்குத்தான் போவார்கள். தப்பித் தவறி மலையேறியவர்களுக்கும் திரும்பி வந்து சண்டை போட மூச்சு மிச்சமிருந்ததில்லை.

'தெரியாது' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ சுற்றுலாப் பயணி மாதிரி வந்து சோதிக்கப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. அதில் தேறினால்தான் நம்மவருக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் தனி வீடு. அதுவரை மாமனார் வீட்டில், "என்ன மாப்ள, இன்னும் டெம்பரவரிதானா?" என்ற கேள்வியைக் காலைக் காப்பியோடு சேர்த்து விழுங்கியாக வேண்டும்.

"இருக்காவா? ஆளுயரச் சிங்கம் சார்!"

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தது மட்டுமா! கல்யாணமான புதுசுல நானும் என் வீட்டுக்காரியும் அது மேல உக்காந்து போட்டோவே எடுத்திருக்கோம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கேட்டியா? சிங்கம் இருக்காம்!" என்று பெரியவர் மனைவியை முழங்கையால் இடித்தார். அந்த அம்மா இன்னொரு கடலையை உடைத்தார்.

"அப்ப நீங்களே கூட வந்து காட்டிடுங்களேன் தம்பி."

"வரலாம் சார், ஆனா இந்த முழங்கால் வலி..."

உள்ளேயிருந்து மேலாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "பாதி மலை வரைக்கும் ஜீப் போகுதே! தாராளமா கூட்டிட்டுப் போங்க சார். அவருக்கு அந்த மலை தண்ணி பட்ட பாடு."

ஜீப் முதல் வளைவில் திரும்பியதுமே நம்மவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன தம்பி, தூங்குறீங்களா?"

"தினம் பார்க்கிற வழிதானே சார்."

ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மூவருக்கும் ஒற்றையடிப் பாதைதான். கடைசிக் கொஞ்ச தூரத்தை நம்மவர் தவழ்ந்தே கடந்தார். "இப்படி ஏறினா முழங்காலுக்கு நல்லது சார்" என்று விளக்கம் வேறு.

உச்சியில் ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. அவ்வளவுதான்.

"சிங்கம் எங்க?" பெரியவர் தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"சுத்தம் பண்றதுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க சார்."

"கல் சிங்கத்தையா? இந்தப் பாதையிலயா?"

"தலை தனியா, வால் தனியா கழட்டித்தான் சார்..."

"சரி, எதிரொலிப் பாறை? ஒரு தடவை கூப்பிட்டா ஏழு தடவை கேக்கும்னு போட்டிருக்கே?"

இனி பின்வாங்க முடியாது. நம்மவர் கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து "ஓஹோ!" என்று கத்தினார். ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் ஆட்டிடமிருந்து.

பெரியவர் தொட்டி ஓரமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது கூடவே ஓர் அடையாள அட்டை வந்து விழுந்தது. நம்மவர் குனிந்து எடுத்தார். 'சுற்றுலாத் துறை, தலைமை அலுவலகம்' என்பதற்குக் கீழே படிக்க முடியாமல் அவருக்குக் கண் இருட்டியது.

"சார், மன்னிச்சிடுங்க சார்! நான் இந்த மலையில கால் வைக்கிறதே இன்னிக்குத்தான். எல்லாம் கையேட்டைப் படிச்சு அளந்ததுதான். கல்யாணப் போட்டோ ஸ்டூடியோவுல எடுத்தது. என் முழங்காலுக்கும் ஒண்ணும் இல்ல."

வேலை போனது போனதுதான். மாமனாரின் முகம் கண் முன்னால் வந்து போனது. ஆனாலும் உண்மையைக் கக்கியதில் மனசு லேசாகிவிட்டது, தலைசுற்றல்கூட நின்றுவிட்டது.

பெரியவர் ஆட்டைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத பெரியவரின் மனைவி, கடலைத் தோலை ஊதிவிட்டு, ஒரு கைப்பிடியை நம்மவரிடம் நீட்டினார்.

"நீங்க ஏன் தம்பி நடுங்குறீங்க? உங்க வேலை எங்கயும் போகாது. அந்தக் கையேட்டை எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து எழுதினதே இவர்தான். நீங்க சிங்கம் இருக்குன்னு அடிச்சுச் சொன்னதும், தான் விட்ட கதை எப்படியோ நிஜமாயிடுச்சுன்னு நம்பித்தான் மனுஷன் மலையே ஏறினார்!"