வீட்டுக்குள் பெய்த நூறு மில்லிமீட்டர்

ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.40

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவும் நானும் நலம். மாற்றலாகிப் போன ஊரில் நீங்களும் நலமாக இருப்பதாகவே கொள்கிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் சொல்லும் தேதிகளை நீங்கள் காதில் வாங்குவதில்லை என்பது என் அனுபவம்.

ஏப்ரல் 12, ஞாயிறன்று, வீடு கிடைத்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி எங்கள் கூடத்து ஜன்னலோரம் நீங்கள் வைத்துவிட்டுப் போன ஆறு செடித்தொட்டிகளைப் பற்றியதே இக்கடிதம். வானிலை நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மழையை அளந்து எழுதியவன் என்ற முறையில், நான்கு நாட்களுக்கு ஒருமுறை, தொட்டிக்கு இருநூறு மில்லி என வகுத்து, நாட்குறிப்பிலும் பதிந்து வந்தேன். மே 9, சனிக்கிழமை, உங்கள் அக்கா முறை தவறி ஒரு சொம்பு ஊற்றுவதைக் கண்டு, "நீ ஊத்துற ஊத்துக்கு செடி நீச்சல் கத்துக்கணும். இனிமே தொடாத" என்றேன். இதில் தவறான சொல் எது என்று இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. "தொடல. செடியையும் தொடல, உங்ககிட்ட வாயையும் தொறக்கல, போதுமா?" என்றாள். சொன்னதைச் செய்வதில் உங்கள் குடும்பத்தாரை மிஞ்ச ஆளில்லை. அன்று முதல் சாப்பாடு மேசைக்கு வரும், அழைப்பு வராது. தட்டு வைக்கும் ஓசையே அழைப்பு.

மே 21, வியாழனன்று, கடுகளவு கருப்புப் பூச்சி ஒன்று என் மூக்குக்கண்ணாடியின் உட்புறம் வந்து அமர்ந்தது. மறுவாரம் தேநீரில் இரண்டு மிதந்தன. அதற்கடுத்த வாரம், வாயைத் திறந்தால் உள்ளே போகுமளவு பெருகிவிட்டன. நல்லவேளையாக வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜூன் 3, புதனன்று, நர்சரிக்காரரிடம் நாட்குறிப்பை எடுத்துச் சென்று காட்டினேன். அவர் படித்துவிட்டு, "சார், ஈர மண்ணுலதான் இது முட்டை போடும். நீங்க எழுதியிருக்கிற அளவுக்கு இது வரவே வராது. வேற யாரோ ஊத்துறாங்க" என்றார். வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே என்றேன். அவர் நாட்குறிப்பை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்து, "அப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க சார்" என்றார்.

யோசித்தேன். ஆனால் ஆதாரமின்றி முடிவுக்கு வருவது என் வழக்கமன்று. ஜூன் 11, வியாழனன்று, மூன்றாம் தொட்டியின் இலைகளுக்கிடையே மழை அளக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை நட்டுவிட்டுக் காலை நடைக்குப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது குழாய் விளிம்புவரை நிரம்பியிருந்தது. நூறு மில்லிமீட்டர்! பணியில் இருந்திருந்தால் வெள்ள எச்சரிக்கை அனுப்பியிருப்பேன். குழாயைப் பார்த்து, குறிபார்த்து, வேண்டுமென்றே நிரப்பியிருக்கிறாள் உங்கள் அக்கா. முப்பத்து மூன்று நாட்களுக்குப் பிறகு நானே முதலில் பேச நேர்ந்தது.

"எதுக்கு ஊத்தின?"

"பேசுறதுக்கு அதுங்களாவது இருக்கே. வெறுங்கையோட போய் நின்னு செடிகிட்ட பேசினா, எதிர்வீட்டு ஜன்னல்ல இருந்து பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அதான் சொம்போட போறேன்."

நாட்குறிப்பில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாட்கள் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டேன். மைத்துனரே, அளவு குறித்து நான் சொன்னது சரியே. ஆனால் அவள் ஊற்றியது தண்ணீர் மட்டுமன்று என்பது என் குழாய்க்கு எட்டவில்லை.

ஜூன் 13, சனியன்று, நர்சரிக்காரர் சொன்னபடி இருவருமாகப் போரைத் தொடங்கினோம். மண் நன்றாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்தினோம். மேல்மண்ணில் இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த மணல் பரப்பினோம். பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டையைத் தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தினோம். நாள்தோறும் மாலை ஐந்துக்கு எண்ணிக்கை, ஐந்தரைக்குப் புது அட்டை.

"பதினேழு" என்பேன்.

"பதினெட்டு. ஓரத்துல இருக்கிறத விட்டுட்டீங்க."

"அது தூசி."

"தூசிக்குக் கால் இருக்குமா? கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க."

எண்ணி முடிந்ததும் உடனே எழ மனம் வராது. பேச்சு அவளுடைய முழங்கால் வலிக்குப் போகும், அங்கிருந்து என் குறட்டைக்கு வரும், பிறகு மறுநாள் சமையலுக்கு. அட்டையில் கூட்டம் குறையக் குறையப் பேச்சு நீண்டது. இன்று மாலை ஐந்து மணிக்கு எண்ணிக்கை பூஜ்யம்.

"ஒண்ணுமில்லையா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப சரி" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் ஐந்தரை வரை தனியே அட்டைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். இப்போது கடிகாரத்தின் ஓசை நன்றாகக் கேட்கிறது.

ஆக, பணி நிறைவுற்றது. செடிகள் ஆரோக்கியமாக உள்ளன. ஆகஸ்ட் 2, ஞாயிறன்று, காலை பத்து மணிக்குள் வந்து ஆறு தொட்டிகளையும் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இல்லத்தில் அனைவரும் நோய்நொடியின்றி நீடு வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் கணவன்

பின்குறிப்பு (ஜூலை 28, செவ்வாய்): இக்கடிதம் ஒன்பது நாட்கள் மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆகஸ்ட் 2 அன்று வர வேண்டாம். வந்தாலும் தொட்டிகளைத் தொட வேண்டாம். ஜூலை 20 காலை, உங்கள் அக்கா குளிக்கப் போன நேரத்தில், மூன்றாம் தொட்டியில் நானூறு மில்லி ஊற்றினேன். நாட்குறிப்பில் பதியவில்லை. நேற்று மாலை அட்டையில் மூன்று. இது நம் இருவருக்குள் இருக்கட்டும். உங்கள் அக்காவுக்கும் உங்களுக்கு இரண்டு வரி எழுத வேண்டுமாம். ஆகவே உறையை ஒட்டாமல் அவளிடம் தருகிறேன். பிறர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தம்பி, அக்கா எழுதுறேன். அவர் மூணாவது தொட்டிக்கு இருபதாம் தேதி காலையிலதான் ஊத்தினார். மத்த அஞ்சுக்கும் நான் முந்தின நாள் ராத்திரியே ஊத்தியாச்சு. அட்டையில இருந்தது மூணு இல்ல, நாலு.